எட்டங்குல எல்லை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் குரூசர் கப்பல்களில் பொருத்தப்பட்ட கனப் பீரங்கிக் கோபுரங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிவித்தபோது, விழா அமைப்பாளர் சற்றே திகைத்தார். தமிழ்த் துறையைச் சேர்ந்தவளுக்கு எஃகும் வெடிமருந்தும் எதற்கு என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. ஆண்டுதோறும் புறத்திணையை வகுப்பில் நடத்துகிறவள் நான். வேலையும் வாளையும் யானையையும் அறிந்துகொள்ள நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் நம் காலத்திற்கு அண்மையிலுள்ள போர்க் கருவிகளிடம் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. இக்கோபுரங்களின் வரலாறு இரண்டே எண்களின் வரலாறு. எண்ணும் அளவும் விதித்த வடிவத்துக்குள் நின்று தொழில் செய்வது எத்தகையது என்பதை வெண்பாப் புனையும் கவிஞர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இதனை 'டரட்' என்பர். சிறு கோபுரம் என்பது அதன் பொருள். நம் கோபுரம் அசையாது நிற்பது, இது சுழல்வது. மதுரை மதிலின் பொறிகளை அடுக்கிச் சொல்லும் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலிருந்து 'பொறி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் உள்ளே மனிதர் நிற்கும் இடம் என்பதை அச்சொல் உணர்த்தவில்லை. ஆகவே கோபுரம் என்றே சொல்கிறேன். உள்ளே மனிதர் நிற்கிறார்கள் என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்ததும் வல்லரசுகள் பெரும் போர்க்கப்பல்களைக் கட்டுவதில் மீண்டும் போட்டியிடத் தொடங்கின. அச்செலவு எவர்க்கும் கட்டுப்படியாகவில்லை. 1921 நவம்பரில் வாஷிங்டன் நகரில் மாநாடு கூடிற்று. 1922 பிப்ரவரி 6ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்சு, இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பெரும் போர்க்கப்பல்களுக்கு எண்ணிக்கை வரம்பும் எடை வரம்பும் விதிக்கப்பட்டன. அவற்றிற்கு அடுத்த நிலையிலுள்ள குரூசர்களுக்கோ, தனித்தனிக் கப்பலுக்கான வரம்பு மட்டுமே கூறப்பட்டது: எடை 10,000 டன்னுக்கு மேற்படக் கூடாது; பீரங்கிக் குழாயின் விட்டம் 8 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. எத்தனை கப்பல் கட்டலாம் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இவ்விரு எண்களும் எங்கிருந்து வந்தன? ஆழ்ந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தன என்று கருதிவிட வேண்டாம். பிரிட்டனிடம் அப்போது ஹாக்கின்ஸ் வகைக் குரூசர்கள் இருந்தன. அவை ஏறத்தாழப் பத்தாயிரம் டன் எடையும் ஏழரை அங்குலப் பீரங்கிகளும் உடையவை. புதிதாகக் கட்டிய அக்கப்பல்களை உடைத்தெறிய அந்நாடு விரும்பவில்லை. அவற்றை உள்ளடக்கும்படி வரம்பு சற்றுத் தாராளமாக வரையப்பட்டது. அவ்வளவே. ஆனால் கூரையாக வகுத்ததை எல்லா நாடுகளும் தரையாகக் கொண்டன. எட்டங்குலம் வரை அனுமதி உண்டென்றால் ஏழங்குலப் பீரங்கியோடு கடலுக்குப் போகும் துணிவு எந்தக் கடற்படைத் தளபதிக்கு வரும்? ஓரிரு ஆண்டுகளுக்குள் பத்தாயிரம் டன், எட்டங்குலம் என்பதே குரூசரின் இலக்கணமாயிற்று. படைக்குறைப்புக்காக எழுதிய வாசகம் ஒரு புதுவகைப் போர்க்கப்பலைப் பெற்றெடுத்தது.

அமெரிக்கருக்குத் தனியே ஒரு கவலையும் இருந்தது. அவர்கள் மனத்திலிருந்த போர்க்களம் பசிபிக் பெருங்கடல். அதன் மேற்குப் பகுதித் தீவுகளில் புதிய அரண்களை எழுப்புவதில்லை என்றும் அதே உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்தனர். இடைவழியில் தங்க இடமின்றி நெடுந்தூரம் செல்லும் கப்பல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. விரைவு வேண்டும், பத்தாயிரம் கடல் மைல் ஓடும் வல்லமை வேண்டும், பீரங்கிகள் நிறைய வேண்டும். இத்தனையையும் பத்தாயிரம் டன்னுக்குள் அடைத்தால் ஏதேனும் ஒன்று குறைந்தே தீரும். குறைந்தது கவசம்.

ஒரு கோபுரம் எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் நாம் காண்பது அதன் தலை மட்டுமே. அதற்குக் கீழே உருளை வடிவான எஃகுக் கிணறு ஒன்று கப்பலின் வயிறு வரை இறங்குகிறது. அடியில் வெடிமருந்துக் கிடங்கு. குண்டு ஒன்றின் எடை 260 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 118 கிலோ. வெடிமருந்து உலோக உறையில் வருவதில்லை. பட்டுத் துணிப் பைகளில் வருகிறது. எரிந்தபின் தணலாகத் தங்கிக் கனன்று கிடக்காது என்பதற்காகப் பட்டு. குண்டும் பைகளும் மேலே ஏற்றப்படுகின்றன. குழாயின் பின்புறக் கதவைத் திறந்து முதலில் குண்டையும் அதன் பின்னே பைகளையும் செலுத்துகிறார்கள். கதவை அடைத்து மின்பொறியால் சுடுகிறார்கள். மறுமுறை குண்டைச் செலுத்துமுன் அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்திக் குழாயினுள் எஞ்சிய புகையையும் தீக்கங்கையும் வெளியேற்றியாக வேண்டும். நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை இவ்வளவும் நடக்கும். குழாயை 41 பாகை உயர்த்திச் சுட்டால் குண்டு 29 கிலோமீட்டர் தொலைவு செல்லும். அது விழும் இடம் கப்பலிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனைப் பார்த்துச் சொல்வதற்காகவே ஒவ்வொரு குரூசரும் சிறு கடல் விமானங்களைச் சுமந்து சென்றது.

பட்டுப்பை என்று கேட்டதும் மென்மை தோன்றும். 1924 அக்டோபர் 20ஆம் நாள் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் டிரெண்டன் என்னும் குரூசர் பீரங்கிப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. அதன் பீரங்கிகள் ஆறங்குலமே. முன்புறக் கோபுரத்தினுள் வெடிமருந்துப் பைகள் தீப்பற்றின. உள்ளிருந்தோர் அனைவரும் மாண்டனர் அல்லது காயமுற்றனர். எரியாது எஞ்சியிருந்த மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திவிட ஹென்றி டிரெக்ஸ்லர் என்னும் இளம் அதிகாரியும் ஜார்ஜ் சாலிஸ்டர் என்னும் மாலுமியும் முயன்றனர். புகையும் தீயும் சாலிஸ்டரை வீழ்த்தின. மருந்து வெடித்து டிரெக்ஸ்லர் இறந்தார். இருவர்க்கும் மறைவுக்குப் பின் அந்நாட்டின் உயரிய வீர விருது வழங்கப்பட்டது. அது அமைதிக் காலம். எதிரி எவனும் அங்கில்லை. கோபுரத்தினுள் நிற்பதே ஒரு போர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனிக் கப்பல்களுக்கு வருவோம். உடன்படிக்கைக்குப் பின் அமெரிக்கர் கட்டிய முதல் எட்டங்குலக் குரூசர்கள் பென்சகோலாவும் சால்ட் லேக் சிட்டியும். முன்னது 1926இல் தொடங்கப் பெற்று 1930இல் பணியேற்றது. பின்னது 1929 இறுதியில் பணியேற்றது. நான்கு கோபுரங்களில் பத்துப் பீரங்கிகள்: இரண்டு கோபுரங்களில் மும்மூன்று, மற்ற இரண்டில் இவ்விரண்டு. இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். கனமான மும்முனைக் கோபுரத்தைக் கீழேயும் இலேசான இரட்டைக் கோபுரத்தை மேலேயும் வைப்பதே இயல்பு. இவற்றிலோ தலைகீழ். விரைவுக்காகக் கப்பலின் முன்பகுதியை மிக ஒடுக்கமாகச் செதுக்கிவிட்டமையால் மும்முனைக் கோபுரத்தின் அகன்ற கிணறு அங்கே இறங்க இடமில்லாது போயிற்று. ஆகவே கனமானது மேலேறிற்று. கடலில் கப்பல் பெரிதும் உருண்டது.

கோபுரத்தின் முகப்புத் தகடு இரண்டரை அங்குலம். பக்கச் சுவர் முக்கால் அங்குலம். எட்டங்குலக் குண்டை எறியும் கோபுரம், எட்டங்குலக் குண்டு ஒன்றையும் தாங்க வல்லதாயில்லை. 'தகரக் கப்பல்கள்' என்று இவற்றை அக்காலத்தவர் எள்ளினர். இதனினும் வருந்தத்தக்கது பின்னர் வெளிப்பட்டது. வரம்பைக் கடந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் ஒவ்வொரு பவுண்டையும் கணக்கிட்டுக் குறைத்த வடிவமைப்பாளர்கள், கட்டி முடித்து எடை பார்த்தபோது வரம்புக்கு ஏறத்தாழ 900 டன் கீழே நின்றனர்! அந்த எடையில் எவ்வளவு கவசம் இட்டிருக்கலாம்! சீரை நிரப்ப அசைச்சொல்லைப் பெய்வது நம் புலவர்களின் பழைய குறை. இவர்களோ, நிரப்ப வேண்டிய சீரை வெறுமையாகவே விட்டுவிட்டனர்.

குறைகள் அத்துடன் நிற்கவில்லை. எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்துவதற்காக ஒரே கோபுரத்தின் மூன்று குழாய்களையும் ஒரே தொட்டிலில் மிக நெருக்கமாகப் பிணைத்திருந்தனர். மூன்றும் ஒன்றாகவே உயரும், ஒன்றாகவே தாழும். ஒரே நொடியில் மூன்றும் சுடும்போது, அருகருகே பறக்கும் குண்டுகளின் அதிர்வலைகள் ஒன்றையொன்று அலைக்கழித்தன. ஒரு குறியை நோக்கிச் சென்றவை பரந்து சிதறி விழுந்தன. இதற்குக் கண்ட தீர்வு எளியது. எனக்கு மிகவும் பிடித்தது. நடுக்குழாய் மட்டும் ஒரு நொடியின் மிகச் சிறு பின்னம் தாமதித்துச் சுடுமாறு மின்சுற்றில் ஒரு சுருளைச் சேர்த்தனர். வெடிமருந்தின் அளவையும் சற்றே குறைத்தனர். மூவர் ஒரே சொல்லை ஒரே கணத்தில் கத்தினால் எதுவும் கேளாது. ஒருவர் இமைப்பொழுது பின்தங்கினால் மூன்று குரலும் கேட்கும். ஒவ்வொரு குழாய்க்கும் தனித் தொட்டிலும் போதிய இடைவெளியும் 1939இல் பணியேற்ற விசிட்டாவில்தான் கிடைத்தன.

அடுத்து வந்த நார்தாம்ப்டன் வகைக் கப்பல்கள் ஆறிலும் ஒரு பீரங்கியைக் குறைத்து, முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக மூன்று கோபுரங்களில் ஒன்பது பீரங்கிகளை அமைத்தனர். இவ்வமைப்பு நிலைத்துவிட்டது, பிற்காலத்து அமெரிக்கக் கனரகக் குரூசர்கள் அனைத்திலும் இதனையே காண்கிறோம். கவசம் மட்டும் பெரிதாக மாறவில்லை. இவ்வாறு கட்டிய ஆறனுள் ஒன்றே ஹூஸ்டன். அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

1927இல் ஜெனீவாவில் குரூசர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு காண முயன்றனர். நீண்ட வணிகக் கடல்வழிகளைக் காக்க வேண்டிய பிரிட்டன் சிறிய கப்பல்கள் பல வேண்டுமென்றது. அமெரிக்கா பெரிய கப்பல்களை விடமாட்டோமென்றது. மாநாடு தோற்றது. 1929 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் மேலும் 15 குரூசர்களுக்கு ஒப்புதல் அளித்தது. 1930 ஏப்ரலில் இலண்டனில் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டது: எட்டங்குலக் குரூசர்கள் அமெரிக்காவுக்கு 18, பிரிட்டனுக்கு 15, ஜப்பானுக்கு 12.

சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோர்க்கு இலண்டன் உடன்படிக்கையில் ஒரு விருந்து உண்டு. பீரங்கியின் விட்டம் 6.1 அங்குலத்தை விஞ்சினால் அது ஒரு பிரிவு. விஞ்சாவிட்டால் மற்றொரு பிரிவு. முன்னதைக் கனரகம் என்றும் பின்னதை இலகுரகம் என்றும் வழங்கலாயினர். கப்பலின் கனத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பே இல்லை. மெல்லிய கவசம் காரணமாகப் பென்சகோலாவையும் அதன் பின்வந்தவற்றையும் அமெரிக்கர் தம் பட்டியலில் இலகுரகம் என்றே எழுதி வைத்திருந்தனர். 1931 சூலை முதல் நாள் அவை கனரகமாயின. ஒரு தகடும் கூடவில்லை. ஓர் ஆணியும் மாறவில்லை. கோபுரத்தினுள் நின்றவன் முந்தின இரவு எந்த முக்கால் அங்குலத்தின் பின்னே நின்றானோ, மறுநாளும் அதன் பின்னேயே நின்றான்.

பெயரின் இடுக்கில் புகுந்து விளையாடவும் இடமிருந்தது. ஜப்பான் மொகாமி வகைக் கப்பல்களில் 15.5 சென்டிமீட்டர் பீரங்கிகளை ஐந்து மும்முனைக் கோபுரங்களில் ஏற்றி இலகுரகம் என்றது. அதற்கு விடையாக அமெரிக்கா புரூக்ளின் வகையில் பதினைந்து ஆறங்குலப் பீரங்கிகளை ஏற்றிற்று. உடன்படிக்கைகளின் காலம் முடிந்ததும் ஜப்பானியர் மொகாமியின் கோபுரங்களைக் கழற்றிவிட்டு 20.3 சென்டிமீட்டர் பீரங்கிகளைப் பொருத்திக்கொண்டனர்.

தகரம் என்னும் ஏளனம் வடிவமைப்பாளர்களைச் சுட்டிருக்க வேண்டும். 1934 முதல் பணியேற்ற நியூ ஆர்லியன்ஸ் வகைக் கப்பல்கள் ஏழிலும் கோபுரத்தின் முகப்புத் தகடு எட்டு அங்குலம் வரை தடித்தது. அப்போதும் எல்லை அதே பத்தாயிரம் டன்தான். கப்பலின் நீளத்தைக் குறைத்தனர், கோபுரத்தையும் சுருக்கினர். முன்பே செய்திருக்கக் கூடியவைதாமே இவை என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் முன்னவர்களுக்கு அனுபவம் இல்லை. இவர்களுக்கு முன்னவர்களின் தவறு கைவிளக்காக இருந்தது.

கவசம் தடித்த கப்பல்களும் தப்பிவிடவில்லை. 1942 ஆகஸ்டு 9ஆம் நாள் பின்னிரவில், குவாடல்கனால் தீவின் அருகே சாவோ என்னுமிடத்தில், அஸ்டோரியா, குவின்சி, வின்சென்ஸ் ஆகிய மூன்றும் ஜப்பானியக் குரூசர்களின் திடீர்த் தாக்குதலுக்கு இலக்காகி மூழ்கின. எரிந்துகொண்டிருந்த அஸ்டோரியா கடைசியாக ஒருமுறை சுட்டது. குறிவைத்த கப்பல் தப்பிற்று. குண்டு வேறொரு கப்பலாகிய சோக்காயின் முன்கோபுரத்தில் விழுந்தது. கோபுரத்திலிருந்தோர் கோபுரத்திலிருந்தோரையே கொன்றனர்.

ஹூஸ்டனைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 1930இல் பணியேற்ற கப்பல். அதிபர் ரூஸ்வெல்ட் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயணம் செய்தமையால் புகழ்பெற்றது. போர் வந்தபோது ஆசியக் கடற்படையின் தலைமைக் கப்பலாக இருந்தது. 1942 பிப்ரவரி 4ஆம் நாள் ஜாவாவுக்குக் கிழக்கே பாலித் தீவை அடுத்த கடலில் ஜப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கின. ஒரு குண்டு பின்புறத்து மூன்றாம் கோபுரத்தின் அருகே வெடித்தது. சிதறிய துண்டுகள் கோபுர அமைப்பின் மெல்லிய எஃகைத் துளைத்து உள்ளே சென்றன. மருந்துப் பைகள் பற்றிக்கொண்டன. நாற்பத்தெட்டுப் பேர் மாண்டனர். கோபுரம் பிறகு சுழலவே இல்லை.

கப்பல் திரும்பிப் போகவில்லை. எஞ்சிய இரண்டு கோபுரங்களோடும் ஆறு பீரங்கிகளோடும் பிப்ரவரி 27ஆம் நாள் ஜாவாக் கடற்போரில் ஈடுபட்டது. முன்கோபுரங்களின் கிடங்கு குறைந்துகொண்டே வந்தது. செயலிழந்த பின்கோபுரத்தின் கீழே குண்டுகள் தேங்கிக் கிடந்தன. மாலுமிகள் அவற்றைக் கைகளாலேயே முன்னே கொண்டு சேர்த்தனர். ஒவ்வொன்றும் 118 கிலோ. நிலநடுக்கோட்டை அடுத்த கடலில், காற்றோட்டமில்லாத இரும்பு வழிகளில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. இச்செய்தியை முதன்முதலில் படித்த அன்று வேறெதையும் என்னால் படிக்க இயலவில்லை.

பிப்ரவரி 28 இரவில் சுண்டா நீரிணையில், ஆஸ்திரேலியாவின் பெர்த் கப்பலோடு சேர்ந்து, ஜப்பானியர் படையிறக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே ஹூஸ்டன் சிக்கிக்கொண்டது. பெர்த் முதலில் மூழ்கிற்று. ஹூஸ்டனின் இரண்டாம் கோபுரத்தைக் குண்டு தாக்கித் தீ எழுந்தது. கிடங்கு வெடிக்காதிருக்க அதில் நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அதனோடு எட்டங்குலப் பீரங்கிகள் அனைத்தும் ஓய்ந்தன. கப்பல்தலைவர் ஆல்பர்ட் ரூக்ஸ் கொல்லப்பட்டார். நள்ளிரவு கடந்து, மார்ச்சு முதல் நாள், கப்பல் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோருள் உயிரோடு சிறைப்பட்டவர்கள் 368 பேர்.

அவர்களுள் பலர் கொண்டு செல்லப்பட்ட இடம் நமக்குப் புதிதன்று. பர்மாவையும் சயாமையும் இணைத்து ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை. அதே பாதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். ஹூஸ்டனின் மாலுமிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. போர் முடிந்ததும் ஒவ்வொரு பெயரையும் தேடிச் சென்றார்கள். நம்மவர்க்குப் பட்டியல் இல்லை. காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று எழுந்தது 2023ஆம் ஆண்டில். புறத்திணைக்கும் இக்கப்பல்களுக்கும் என்ன தொடர்பென்று இனி எவரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் 18 கனரகக் குரூசர்களுள் போரில் மூழ்கியவை ஏழு. முதலிரண்டும் பிழைத்தன, பென்சகோலாவும் சால்ட் லேக் சிட்டியும் 1946இல் பிகினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளில் இலக்காக நிறுத்தப்பட்டன. அப்போதும் அவை மூழ்கவில்லை. 1948இல் அமெரிக்கக் கடற்படையே அவற்றைச் சுட்டு மூழ்கடித்தது.

நியூ ஆர்லியன்ஸின் கதை வேறு. 1942 நவம்பர் 30 இரவில் குவாடல்கனாலுக்கு அருகே டசாபரோங்காவில் ஒரு டார்ப்பிடோ அதனைத் தாக்கிற்று. முன்புறக் கிடங்கு வெடித்து, கப்பலின் முன்பகுதி முதற்கோபுரத்தோடு சேர்ந்து அறுந்து போயிற்று. அன்று இறந்தவர்கள் 180க்கும் மேற்பட்டோர். எஞ்சிய உடல் மிதந்தது. துலாகித் தீவின் மறைவில் தென்னை மரங்களை வெட்டி, அத்தடிகளால் ஒரு தற்காலிக முகப்பைக் கட்டிக்கொண்டு சிட்னி போய்ச் சேர்ந்தது. புதிய முன்பகுதி பெற்று மீண்டும் போருக்குத் திரும்பிற்று. அறுந்து போன பழைய முன்பகுதியை 2025 சூலையில் ஆய்வுக் குழு ஒன்று ஏறத்தாழ 675 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. அதிலிருந்த நங்கூரத்தில் 'நேவி யார்டு' என்று பொறித்த எழுத்துகளை அப்போதும் படிக்க முடிந்தது.